கியாந்தியின் வெள்ளைப் பாதைகள்: ஆறு நாள் சைக்கிள் பயணத்துக்கு எப்படித் திட்டமிடுவது?

நீங்கள் கேட்டது இதுதான்: கோயம்புத்தூரில் நீங்களும் உங்கள் மனைவியும் ஞாயிறுதோறும் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறீர்கள். அக்டோபர் முதல் வாரம் இத்தாலி போகிறீர்கள். டஸ்கனியின் கியாந்தி மலைகளில், திராட்சைத் தோட்டங்களுக்கும் பழைய ஊர்களுக்கும் நடுவே ஓடும் வெள்ளை மண்பாதைகளில் ஆறு நாள் ஓட்ட வேண்டும். பழைய சைக்கிள்களின் சவாரியான லெரோயிக்காவின் 209 கிலோமீட்டர் சுற்றை இரண்டு நாளில் முடித்துவிட்டு மீதி நாள்களில் ஊர் சுற்றலாமா, எந்த டயர், எந்த கியர், எங்கே தங்குவது?

இரண்டு நாளில் முடிக்க முடியும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்தச் சுற்றில் பாதிக்கு மேல் கப்பிச் சாலை. மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கு மேல். கொல்லிமலை மாதிரி ஒரே ஏற்றமாக ஏறி ஒரே இறக்கமாக இறங்குவது அல்ல. ஒரு கிலோமீட்டர் ஏற்றம், ஒரு கிலோமீட்டர் இறக்கம், ஒரு ஓடை, மறுபடி ஏற்றம் என்று காலையிலிருந்து மாலை வரை போய்க்கொண்டே இருக்கும். மலைச்சாலையில் ஒரு தாளம் பிடித்துவிட்டால் கால் தானாக மிதிக்கும், அது உங்களுக்குப் பழக்கம். கியாந்தியில் அந்தத் தாளம் பத்து நிமிடம்கூட நிலைக்காது. நான் நான்கு முறை அங்கே ஓட்டியிருக்கிறேன். என் கணக்கு எளிமையானது: நம் ஊர் தார்ச்சாலையில் தொண்ணூறு ஓட்டுகிறவர் அங்கே ஒரு நாளைக்கு ஐம்பது என்று வைத்துக்கொண்டால் மாலையில் ஊரைப் பார்க்கக் கண்ணில் உயிர் இருக்கும்.

டயருக்கும் கியருக்கும் போகுமுன் அந்தப் பாதைகள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் மற்ற கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

இத்தாலிய மொழியில் 'ஸ்த்ராதே பியாங்கே' என்றால் வெள்ளைச் சாலைகள், அவ்வளவுதான். சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் போட்டு இறுக்கிய சாலை. வெயிலில் கண் கூசும் வெண்மை. மற்ற இடங்களில் இப்படிப்பட்ட சாலைகளுக்குத் தார் போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. இங்கே மட்டும் ஏன் தங்கின? அதற்கு வாரச் சாகுபடியைப் புரிந்துகொள்ள வேண்டும். பல நூற்றாண்டுகளாக டஸ்கனியின் நிலம் 'மெத்ஸத்ரியா' என்ற முறையில் விளைந்தது. நிலமும் வீடும் பண்ணையாருடையவை, உழைப்பு குடியானவக் குடும்பத்துடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. நம் ஊரில் வாரத்துக்கு விடுவது என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் நிலத்தின் நடுவிலேயே கல்வீடு. அதனால் வீடுகள் ஊராகச் சேராமல் குன்றுக்கு ஒன்றாகச் சிதறின. அந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பண்ணையின் தலைமை வீட்டுக்கும் மாதா கோவிலுக்கும் ஆலைக்கும் ஒரு பாதை வேண்டும். நீங்கள் இன்று மிதிக்கப் போகிற பின்னல் இப்படி உருவானது. மாட்டு வண்டியின் கணக்கில் போட்ட பாதைகள். நேராக மேட்டில் ஏறிவிடும், சுற்றிப் போகாது. 15, 18 சதவீத ஏற்றங்கள் வருவதும் அதனால்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த முறை நொறுங்கியது. இளையவர்கள் தொழிற்சாலை வேலைக்கு நகரங்களுக்குப் போனார்கள். 1964 ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. கல்வீடுகள் பூட்டிக்கிடந்தன. ஆள் இல்லாத சாலைக்கு யார் தார் போடுவார்கள்? பாதைகள் பிழைத்ததற்குப் பின்னால் ஊர் காலியான துயரம் இருக்கிறது. அந்த வீடுகளைப் பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வாங்கினார்கள். பல இன்று தங்கும் விடுதிகள். உங்கள் அறையின் கீழ்த்தளத்தில் மாடு கட்டிய வளையம் சுவரில் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. வரிசை வரிசையாக மலைச்சரிவில் சீவிவிட்டதுபோல் நிற்கும் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்து, இது ஆயிரம் ஆண்டுக் காட்சி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். திராட்சை பழையதுதான், வரிசை புதியது. வாரச் சாகுபடி நாளில் திராட்சைக் கொடியை மரத்தில் ஏற்றிவிட்டு, நடுவில் கோதுமை, ஓரத்தில் ஒலிவ மரம் என்று எல்லாவற்றையும் ஒரே வயலில் கலந்து வளர்த்தார்கள். ஒரு குடும்பத்துக்கு வேண்டியதெல்லாம் ஒரே நிலத்தில் விளைய வேண்டுமல்லவா? கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டுத் தலைக்கு மேல் திராட்சையைப் பார்த்த கண்ணுக்கு, இடுப்பளவு கம்பியில் கட்டிய இந்த வரிசைகள் புதிதாகத் தோன்றும். அங்குள்ள கிழவர்களுக்கும் ஒரு காலத்தில் அது புதிதாகத்தான் இருந்தது.

தொண்ணூறுகளில் இந்தப் பாதைகளுக்கும் தார் வந்துவிடும் என்ற நிலை. காயோலே ஊர்க்காரரான ஜியான்கார்லோ ப்ரொச்சி 1997 இல் பழைய சைக்கிள்களுக்கென்று ஒரு சவாரி தொடங்கினார். அதுதான் லெரோயிக்கா, 'வீரமானது' என்று பொருள். முதல் ஆண்டு 92 பேர் வந்தார்கள். இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், குலுக்கலில் இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனையிலிருந்து 2007 இல் தொழில்முறைப் பந்தயம் பிறந்தது. அதுதான் நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் ஸ்த்ராதே பியாங்கே, மார்ச் மாதத்தில் சியெனா நகரத்தில் முடிவது. சுவிட்சர்லாந்து வீரர் ஃபாபியன் கான்செல்லாரா 2008, 2012, 2016 என்று மூன்று முறை வென்றார். மூன்றாவது வெற்றிக்காக ஒரு பாதைத் துண்டுக்கே அவர் பெயரை வைத்தார்கள். பிறகு ஸ்லோவேனிய வீரர் பொகாச்சார் 2022, 2024, 2025 இல் வென்று அவரைத் தொட்டுவிட்டார். ஒரு கப்பிச் சாலையைக் காப்பாற்ற ஒரு மனிதர் சைக்கிளைக் கையில் எடுத்தார், அது பலித்தது. இந்தக் கதை எனக்கு எப்போதும் நெஞ்சைத் தொடுவது. அங்கே ஓட்டுகிற ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொண்டு ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை.

நீங்கள் போவது அக்டோபர் முதல் வாரம். லெரோயிக்கா நடப்பதும் அக்டோபர் முதல் ஞாயிறு. கப்பிச் சாலைக்கென்று செய்த கிராவல் சைக்கிளோடு அதில் கலந்துகொள்ள முடியாது. 1987க்கு முந்தைய சைக்கிள் வேண்டும், கியர் மாற்றும் குச்சி சைக்கிள் சட்டகத்தின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும், மிதியில் வார் கட்ட வேண்டும், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து போக வேண்டும். அந்த வார இறுதியில் காயோலேயில் அறை கிடைப்பதும் அரிது. அந்த ஞாயிறு மட்டும் பார்வையாளராகப் போங்கள். விடியலுக்கு முன் ப்ரோலியோ கோட்டை ஏற்றத்தில் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே பாதையோரம் விளக்குகள் எரியும். கம்பளிச் சட்டையும் தோலில் செய்த பழைய ஹெல்மெட்டுமாகக் கிழவர்களும் இளைஞர்களும் மூச்சிரைக்க ஏறுவார்கள். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் உங்கள் சைக்கிளை எடுங்கள். அந்த 209 கிலோமீட்டர் வழிக்கு ஆண்டு முழுதும் பலகைகள் நிற்கின்றன, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். துண்டு துண்டாக ஓட்டிக்கொள்ளலாம்.

இப்போது நிலம். வரைபடத்தில் இதை ஒரே பகுதியாகப் பார்க்காதீர்கள். இரண்டு. சியெனாவுக்கு வடக்கே கியாந்தி: பாறை, காடு, திராட்சை, ஒலிவம். மண்ணில் 'கலெஸ்த்ரோ' என்ற ஏடு ஏடாக உதிரும் களிக்கல்லும், 'அல்பரேசே' என்ற வெளிறிய சுண்ணாம்புக் கல்லும் இருக்கும். மழை பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடும், பாதை அரை நாளில் ஓட்டக்கூடியதாகிவிடும். சியெனாவுக்குத் தெற்கே க்ரேத்தே செனேசி: களிமண் நாடு. சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த மண். மரம் குறைவு, கோதுமை வயல்கள், நடுநடுவே வழுக்கைத் தலைபோல் வெளுத்த களிமேடுகள். ஏப்ரலில் பச்சைக் கடல். அக்டோபரில் உழுது போட்ட சாம்பல் மண், அலையலையாகக் கண்ணுக்கு எட்டும் வரை. எனக்கு அக்டோபர் க்ரேத்தேதான் அதிகம் பிடிக்கும், பசுமையைத் தேடி வருகிறவர்கள் ஏமாந்து போகலாம்.

மழை பெய்தால் க்ரேத்தேக்குள் கப்பிச் சாலையில் இறங்கவே இறங்காதீர்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். இரண்டாவது பயணத்தில் இரவு மழை பெய்து காலையில் வெயில் அடித்தது. காய்ந்திருக்கும் என்று நம்பி ஒரு பண்ணைப் பாதையில் திரும்பினேன். இருநூறு மீட்டருக்குள் களிமண் டயரைச் சுற்றி, சக்கரத்தைத் தாங்கும் கவைக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சக்கரம் நின்றுவிட்டது. விசையாக மிதித்தேன். பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் முறிந்து கியர் ஆரக்கால்களுக்குள் போய்விட்டது. ஒன்பது கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன். அன்றிலிருந்து என் பையில் உதிரி ஹேங்கர் ஒன்று இருக்கிறது. நீங்களும் உங்கள் சைக்கிளின் மாடலுக்குப் பொருந்துகிற ஹேங்கரை இங்கிருந்தே வாங்கிப் போங்கள். அது ஒவ்வொரு சைக்கிள் சட்டகத்துக்கும் ஒவ்வொரு வடிவம், அங்கே சின்ன ஊர்க் கடையில் கிடைக்காது. மழை நாளில் வடக்கே கியாந்தியில் ஓட்டுங்கள், அல்லது தார்ச்சாலையில் போங்கள், அல்லது சியெனாவில் ஓவியம் பாருங்கள்.

சைக்கிள். உங்கள் 32 மில்லிமீட்டர் டயரில் அங்கே ஓட்ட முடியுமா என்றால் முடியும், பந்தய வீரர்கள் ஏறத்தாழ அதில்தான் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் வழி துடைத்திருக்கும், பின்னால் உதிரிச் சக்கரத்தோடு கார் வரும், மாலையில் பிசைந்துவிட ஆள் இருக்கும். உங்களுக்கு 40 மில்லிமீட்டர், டியூப்லெஸ். மேற்பரப்புக் குமிழ்களின் மேடு நடுவில் குறைவாகவும் ஓரத்தில் கொஞ்சம் அதிகமாகவும் இருக்கிற டயர் போதும், பாதிச் சாலை தார்தானே. காற்று அழுத்தத்தில்தான் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். கல்லாகக் காற்றடித்தால் வேகம் என்று ஒரு நம்பிக்கை. கப்பிச் சாலையில் அது உங்களைத் தூக்கித் தூக்கிப் போடும், வேகமும் வராது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால் பின்னால் 33, முன்னால் 30 பி.எஸ்.ஐ. என்று தொடங்குங்கள். அங்கிருந்து ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். டியூப் போட்டிருந்தால் ஐந்து கூடுதலாக வையுங்கள், இல்லையென்றால் கல்லில் இடித்து இரண்டு பல் பட்டதுபோல் டியூப் ஓட்டையாகும்.

கியர் இதைவிட முக்கியம். முன்பல்லும் பின்பல்லும் சமமாக வரும் கியர் கட்டாயம் வேண்டும், அதைவிட இலகுவாக ஒன்று இருந்தால் புண்ணியம். முன்னால் 40 என்றால் பின்னால் 42 அல்லது 44. முன்னால் 46, 30 என்று இரட்டைத் தட்டு இருந்தால் பின்னால் 34 போதும். தார்ச்சாலையில் மேடு வந்தால் எழுந்து நின்று மிதித்து ஏறிவிடுவீர்கள். இங்கே எழுந்தால் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து, அது கல்லில் வழுக்கிச் சுழலும், வண்டி நின்றுவிடும். உட்கார்ந்தபடியே, இருக்கையின் முன்நுனிக்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்தி, இலகு கியரில் சுற்றிக்கொண்டே போக வேண்டும். அதற்குத்தான் அந்தப் பல் கணக்கு.

இறக்கத்தில் பாதையைப் படியுங்கள். கார்கள் போன தடம் இரண்டு கோடுகளாக இறுகித் தெரியும், நடுவிலும் ஓரத்திலும் உதிரிக்கல் குவிந்திருக்கும். ஒரு தடத்திலேயே இருங்கள். தடம் மாற வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்து, நேராகக் குறுக்கே வெட்டுங்கள், சாய்வாகத் தேய்த்துக்கொண்டு மாறாதீர்கள். பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்பே. வளைவுக்குள் முன்பிரேக்கைப் பிடித்தால் தோள் மண்ணில் இருக்கும். சில இறக்கங்களின் அடியில், கார்கள் பிரேக் பிடித்துப் பிடித்து, கூரைத் தகடுபோல் சாலை அலையலையாகியிருக்கும். அங்கே ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், மிதியில் பாரம் கொடுத்து, முழங்கையைத் தளர்த்திவிடுங்கள். வண்டி அதிரட்டும், நீங்கள் அதிர வேண்டாம். முதல் நாள் மாலை உள்ளங்கை வலித்தால் இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இங்கிருந்து சைக்கிளைப் பெட்டியில் கட்டிக் கொண்டு போகலாம், அங்கே வாடகைக்கும் கிடைக்கும். ஆறு நாள்தான் என்றால் வாடகையே நல்லது என்பேன். மிதியும் இருக்கையும் மட்டும் உங்களுடையதை எடுத்துப் போங்கள். முன்பதிவு செய்யும்போது கடைசி கியரின் பல் எண்ணிக்கையை எழுத்தில் கேளுங்கள். ஒருமுறை 'மலைக்கு ஏற்ற கியர்' என்று சொல்லி எனக்கு 28 பல் பின்சக்கரம் கொடுத்துவிட்டார்கள். உங்கள் மனைவிக்கு முழங்கால் தொந்தரவு உண்டு என்று எழுதியிருந்தீர்கள். மின்மோட்டார் வைத்த கிராவல் சைக்கிளைத் தயங்காமல் எடுங்கள். அந்த மண்ணில் அது உதவி மட்டுமல்ல, இரண்டு பேரும் ஒரே வேகத்தில் பேசிக்கொண்டே ஏற முடியும்.

இனி வழி. முதல் மூன்று இரவு காயோலேயில். அது மலையுச்சி ஊர் அல்ல, பள்ளத்தாக்கில் இருக்கிறது. சுற்றிலும் மேட்டில் இருந்த கோட்டைகளுக்கெல்லாம் சந்தையாக வளர்ந்த ஊர். அதனால் எந்தப் பக்கம் போனாலும் காலையில் முதல் மிதி ஏற்றம்தான், மாலையில் திரும்புவது இறக்கம். களைத்தவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

முதல் நாள் வடக்கே. காயோலேயிலிருந்து பதியா ஆ கொல்திபுவோனோ மடத்துக்கு ஏறுங்கள். 11 ஆம் நூற்றாண்டின் மடம், 'நல்ல விளைச்சலின் மடம்' என்று பெயர். அங்கிருந்து ராடா, பிறகு வொல்பாயா. வொல்பாயா ஒரு சிறிய கோட்டை ஊர், அந்த ஊரே ஒரு திராட்சைமது ஆலை. தேவாலயத்துக்குள்ளும் வீடுகளின் நிலவறைகளிலும் பீப்பாய்கள் இருக்கின்றன. தெருக் கற்களுக்கு அடியில் குழாய் பதித்து ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு மதுவை அனுப்புகிறார்கள். வெளியில் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. ஒரு பழைய ஊரை இடிக்காமல் பிழைக்கவைப்பது எப்படி என்பதற்கு நான் பார்த்த மிக நல்ல உதாரணம். ராடாவில் ஆட்சியாளர் மாளிகையின் முகப்பில் பழைய அதிகாரிகளின் குலச்சின்னங்களைக் கல்லில் பதித்திருப்பார்கள், நின்று பாருங்கள். ராடா, காயோலே, காஸ்தெல்லினா மூன்றும் சேர்ந்து ஃப்ளாரன்ஸுக்காக சியெனாவின் எல்லையைக் காத்த கூட்டணி. அதன் சின்னம் கருஞ்சேவல், இன்று கியாந்தி கிளாசிக்கோ மதுப் புட்டிகளின் கழுத்தில் இருப்பதும் அதே சேவல். 1716 இலேயே டஸ்கனியை ஆண்ட மெதிச்சி குலத்து மூன்றாம் கோசிமோ இந்தப் பகுதிக்கு எல்லை வகுத்து ஆணையிட்டார், இதற்கு வெளியே விளைந்ததைக் கியாந்தி என்று விற்கக்கூடாது என்று.

அந்தச் சேவலைப் பற்றி ஊர்க்கதை ஒன்று உண்டு. இரண்டு நகரங்களும் எல்லையை முடிவு செய்ய ஒரு பந்தயம் வைத்தன: சேவல் கூவியதும் இரு பக்கமிருந்தும் ஒரு குதிரை வீரன் கிளம்ப வேண்டும், சந்திக்கிற இடம் எல்லை. சியெனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு நன்றாகத் தீனி போட்டார்கள். ஃப்ளாரன்ஸ்காரர்கள் கருஞ்சேவலைப் பட்டினி போட்டார்கள். பசித்த சேவல் விடியும் முன்பே கூவிவிட்டது. சியெனாவை நெருங்கி, ஃபொந்தெருத்தொலியில் சந்தித்தார்கள் என்று கதை. சைக்கிளில் போனால் அந்த இடம் சியெனாவுக்கு எவ்வளவு பக்கம் என்று கால் சொல்லும்.

இரண்டாம் நாள் தெற்கே, ப்ரோலியோ. கோட்டைக்கு ஏறும் வெள்ளைப் பாதையில் மேலே பார்க்காமல் சைப்ரஸ்களை எண்ணிக்கொண்டே ஏறுங்கள். 1141 முதல் ரிக்காசொலி குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஒருங்கிணைந்த இத்தாலியின் இரண்டாவது பிரதமர் பெத்தினோ ரிக்காசொலி இந்த வீட்டுக்காரர்தான். 1872 இல் ஒரு கடிதத்தில் கியாந்தி மதுவுக்கான திராட்சை ரகங்களின் கலவையை எழுதினார்: சாஞ்சொவேசே முதன்மை, மென்மைக்குக் கனாயோலோ, உடனே குடிக்கிற மதுவுக்கு மால்வசியா. இன்றைய விதிப்படி கியாந்தி கிளாசிக்கோவில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சொவேசே. அங்கிருந்து சான் குஸ்மே, காஸ்தெல்நுவோவோ பெரார்தெங்கா, பிறகு மோந்தாபெர்த்தி. 1260 செப்டம்பர் 4 அன்று சியெனா ஃப்ளாரன்ஸைத் தோற்கடித்த களம். இன்று கோதுமை வயலும் ஒரு மேட்டில் நினைவுக் கூம்பும்தான். பக்கத்துப் பாதைத் துண்டு எண்ணூறு மீட்டர்தான், ஆனால் செங்குத்து. அங்கே தள்ளிக்கொண்டு ஏறியவர்கள் பலர், வெட்கப்பட எதுவுமில்லை.

1555 இல் சியெனா முற்றுகையில் வீழ்ந்தது. அதன்பின் இந்த எல்லைக்கோட்டைகளுக்குப் போர் வேலை இல்லை. அவை பண்ணை வீடுகளாயின. பாதைகள் அவற்றை நோக்கி ஏன் ஓடுகின்றன என்று கேட்டால் பதில் அந்த ஆண்டில் இருக்கிறது.

மூன்றாம் நாள் கால்களுக்கு ஓய்வு: காயோலேக்கு மேலே வெர்த்தினே வரை போய் வாருங்கள், அவ்வளவே. நான்காம் நாள் பைகளைக் கட்டி க்ரேத்தேக்கு இடம் மாறுங்கள். காஸ்தெல்நுவோவோவிலிருந்து அஷானோ வரை மோந்தே சாந்தே மரியே பாதை, 11.5 கிலோமீட்டர், கான்செல்லாராவின் பெயர் தாங்கியது. பந்தயம் எதிர்த்திசையில் வருகிறது. என் கருத்தில் இந்த ஆறு நாளில் மறக்கவே முடியாத துண்டு இதுதான். முதுகெலும்புபோல் உயர்ந்த வரப்பின் மேல் பாதை ஓடும், இரு பக்கமும் மண் சரிந்து விழும், காற்று தடையில்லாமல் அடிக்கும், தூரத்தில் ஒற்றைச் சைப்ரஸ். நடுவில் கடை இல்லை, குழாய் இல்லை. இரண்டு புட்டித் தண்ணீர் இல்லாமல் நுழையாதீர்கள்.

ஐந்தாம் நாள் அஷானோவிலிருந்து மோந்தே ஒலிவெத்தோ மடம் வழியாகப் புவோன்கொன்வெந்தோ. அதற்கு மேல் காலில் வலு இருந்தால் காஸ்திலியோன் தெல் போஸ்கோ வழியாக மோந்தால்சீனோ. 2010 இல் இத்தாலியைச் சுற்றும் ஜிரோ சைக்கிள் பந்தயத்தில் மழையில் வீரர்கள் யாரென்றே தெரியாமல் சேற்றில் குளித்து வந்தார்களே, கேடல் எவன்ஸ் வென்றாரே, அந்த நாள் முடிந்தது மோந்தால்சீனோவில்தான். புருனெல்லோ மது அங்கேதான் பிறக்கிறது, அது முழுக்க முழுக்க சாஞ்சொவேசே. திரும்ப முடியாவிட்டால் கவலையில்லை: புவோன்கொன்வெந்தோவிலும் அஷானோவிலும் ரயில் நிலையம் இருக்கிறது. வட்டார ரயில்களில் சைக்கிளுக்குத் தனிச்சீட்டு வாங்கி ஏற்றிக்கொள்ளலாம்.

மது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இத்தாலியில் சைக்கிளும் வாகனம்தான், ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு உங்களுக்கும் உண்டு. அதைவிட, உதிரிக்கல் இறக்கத்தில் கால் நொடித் தாமதமே போதும் விழுவதற்கு. சுவைத்துப் பார்ப்பதை மாலைக்கு வையுங்கள். மது வேண்டாம் என்றால் ஒலிவ எண்ணெய் சுவைக்கக் கேளுங்கள், அதையும் அதே மரியாதையோடு ஊற்றித் தருவார்கள். அறுவடை நேரம் என்பதால் வளைவுகளில் திராட்சை ஏற்றிய டிராக்டர் வரும். அதற்கு நின்று வழி விடுங்கள், அது ஓர் ஆண்டு உழைப்பு. வரிசைகளுக்குள் சைக்கிளை விடாதீர்கள், ஒரு குலைகூடப் பறிக்காதீர்கள்.

சாப்பாடு: மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு வரை கடைகள் மூடியிருக்கும், காலையிலேயே ரொட்டியும் பழமும் பையில் இருக்கட்டும். டஸ்கனி ரொட்டியில் உப்பு இருக்காது, முதல் வாயில் குறை தெரியும். சைவம் என்றால் பிழைத்துக்கொள்ளலாம். பழைய ரொட்டி, அவரை, கரும்பச்சைக் கீரை போட்டுக் கொதிக்கவைக்கும் ரிபொல்லித்தா, தக்காளியில் ரொட்டியைக் குழைக்கும் பாப்பா, கையால் உருட்டிய பீச்சி பாஸ்தா என்று இருக்கிறது. இறைச்சிச் சாறு சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு ஒரு நல்ல வழி: கல்லறைத் தோட்டம். பூக்களுக்கு ஊற்ற வாசலருகே குழாய் வைத்திருப்பார்கள். இத்தாலிய ஓட்டக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். 'நோன் போத்தாபிலே' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள்.

அக்டோபர் வேட்டைப் பருவம். காட்டோரம் துப்பாக்கிச் சத்தம் கேட்கும், பளிச்சென்ற சட்டை போடுங்கள். காலை ஏழு மணிக்கு மேல்தான் விடியும், ஊருக்கு வெளியே இருட்டில் ஓட்டினால் விளக்கோடு ஒளிரும் மேலங்கியும் சட்டப்படி கட்டாயம்.

ஆறாம் நாள் சியெனாவுக்குள். ஐந்தாம் நாள் மாலையே ரயிலில் சியெனா வந்து தங்குங்கள். காலையில் வெறும் சைக்கிளோடு வடகிழக்கே போய்ப் பந்தயத்தின் கடைசித் துண்டுகள் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்: கொல்லே பின்சூத்தோ, லே தொல்ஃபே. இரண்டாவது 1.1 கிலோமீட்டர்தான், உச்சத்தில் 18 சதவீதம். பிறகு ஃபொந்தெப்ராந்தா வாசல் வழியாக நகரத்துக்குள் நுழைந்து சாந்தா கத்தெரினா தெருவில் ஏறுங்கள். கல் பாவிய ஒடுங்கிய தெரு, 16 சதவீதம், இரு பக்கமும் வீட்டுச் சுவர் தோளை உரசும். முடிவில் சட்டென்று திறந்து, சிப்பிபோல் சரிந்த காம்போ சதுக்கம். முடிந்தவரை சீக்கிரம் போய்விடுங்கள். நேரமாகிவிட்டால் ஆள் நடமாட்டம் கூடிவிடும், இறங்கி உருட்ட வேண்டியதுதான். கல் நனைந்திருந்தால் வழுக்கும். வாசலுக்கு வெளியிலேயே கடைசிப் பல்லுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், உள்ளே நுழைந்தபின் மாற்ற நேரம் கிடைக்காது.